ஐம்பதாயிரமா, ஒரு லட்சமா: நிரலுக்கு யார் சொல்வது?

இராஜபாளையத்தை அடுத்த செட்டியார்பட்டியிலிருந்து புறப்படும் சரக்கு, தேசிய நெடுஞ்சாலை 744-ஐ எட்டியதும் இரண்டு திசையில் ஒன்றைப் பிடிக்க வேண்டும். தெற்கே திரும்பினால் தென்காசி, செங்கோட்டை, ஆரியங்காவு வழியாகக் கொல்லம். வடக்கே போனால் இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், திருமங்கலம் வழியாக மதுரை. வண்டியில் இருப்பது வரியோடு சேர்த்து 80,000 ரூபாய் பெறும் நைட்டி பண்டல்கள் என்று வைத்துக்கொள்வோம். கொல்லத்துக்குப் போகும் வண்டியில் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி ஆவணம் இருந்தே ஆக வேண்டும். மாநில எல்லையைத் தாண்டும் சரக்குக்கு வரம்பு 50,000 ரூபாய். மதுரைக்குப் போகும் வண்டிக்கு அது தேவையில்லை. தமிழ்நாட்டுக்குள்ளேயே நகரும் சரக்குக்கு வரம்பு ஒரு லட்சம். பண்டல் அதேதான், வண்டியும் அதேதான். திசை மாறினால் விதி மாறிவிடுகிறது.

அனுபவப்பட்ட கணக்குப்பிள்ளைக்கு இது மனப்பாடம். ஆனால் இன்று பில் போடுவது கணினி. சரக்கின் மதிப்பு, புறப்படும் இடத்தின் பின்கோடு, சேரும் இடத்தின் பின்கோடு ஆகியவற்றை அது எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்புகிறது. இ-வே பில் வேண்டுமா, வேண்டுமென்றால் எத்தனை நாள் செல்லும் என்பதை அந்தச் சர்வரில் ஓடும் இணையச் சேவை முடிவு செய்கிறது. முடிவு தவறினால் அதன் விலையைக் கொடுப்பவர் நிரல் எழுதியவர் அல்லர். உரிய ஆவணம் இல்லாத சரக்கு வழியில் பிடிபட்டால், ஜிஎஸ்டி சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி வரியைப் போல் இரு மடங்கு அபராதம் கட்டிய பிறகே வண்டி நகரும். ஐந்தாறு தையல் இயந்திரங்களை வைத்துப் பிழைக்கும் ஒரு குடும்பத்துக்கு அது சின்னத் தொகை அல்ல. அதனால்தான், அந்த 50,000-மும் ஒரு லட்சமும் நிரலுக்குள் எப்படிப் போய்ச் சேர்கின்றன என்ற கேள்வியை மென்பொருள்காரர்களின் உள்விவகாரம் என்று என்னால் ஒதுக்க முடியவில்லை.

இந்த எண்கள் நிலையாக நிற்பவையும் அல்ல. மாநிலங்களுக்கு இடையிலான சரக்குக்கு இ-வே பில் 1 ஏப்ரல் 2018 முதல் கட்டாயமானது. தமிழ்நாட்டுக்குள் 2 ஜூன் 2018 முதல். தொடக்கத்தில் நூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் என்பது பில்லின் ஆயுள். 1 ஜனவரி 2021 முதல் அது இருநூறு கிலோமீட்டருக்கு ஒரு நாள் ஆனது. இராஜபாளையத்திலிருந்து சென்னைக்கு 500 கிலோமீட்டருக்கு மேல், 600-க்குள். முன்பு ஆறு நாள் கிடைத்த அந்தப் பயணத்துக்கு அன்றிலிருந்து மூன்றே நாள்தான். பில்லை அரசுத் தளத்தில் பதிவு செய்யும் இ-இன்வாய்ஸின் கதை இன்னும் வேகமானது. 1 அக்டோபர் 2020-இல் ஆண்டு விற்றுமுதல் 500 கோடிக்கு மேல் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும் என்று தொடங்கினார்கள். 2021 ஜனவரியில் 100 கோடி, அதே ஆண்டு ஏப்ரலில் 50 கோடி, 2022 ஏப்ரலில் 20 கோடி, அக்டோபரில் 10 கோடி, 1 ஆகஸ்ட் 2023-இல் 5 கோடி. மூன்று ஆண்டுக்குள் ஐந்து முறை ஒரே எண் மாறியிருக்கிறது. இத்தனை மாற்றத்திலும் கணக்குப் போடும் முறை ஒரு தடவைகூட மாறவில்லை என்பதுதான் கவனிக்க வேண்டியது. தூரத்தை வகுத்து, மிச்சம் இருந்தால் ஒரு நாள் கூட்டுவது 2018-இலும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான். நூறு இருந்த இடத்தில் இருநூறு வந்தது, அவ்வளவே.

சத்திரப்பட்டியிலும் சமுசிகாபுரத்திலும் பேண்டேஜ் துணி நெய்கிற விசைத்தறிக்காரருக்கு இந்த வேறுபாடு பழக்கமானது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊடை இழை விழ வேண்டும் என்பது ஆர்டருக்கு ஆர்டர் மாறும். அதற்காக யாரும் தறியைப் பிரித்து மறுபடி கட்டுவதில்லை. துணியைச் சுருட்டி இழுக்கும் பகுதியில் ஒரு பல்சக்கரத்தைக் கழற்றி, வேறு பல் எண்ணிக்கை உள்ள சக்கரத்தை மாட்டுவார்கள். மாற வேண்டியது எது, மாறக் கூடாதது எது என்று தறியை வடிவமைத்தவர் முன்கூட்டியே யோசித்து, அந்த ஒரு சக்கரத்தை மட்டும் கழற்றும்படி வைத்திருக்கிறார்.

நிரலில் அப்படிக் கழற்றி மாட்டக்கூடியவற்றுக்குத்தான் அமைப்பு மதிப்புகள் என்று பெயர். ஐம்பதாயிரம் என்ற எண்ணை நிரல் வரிக்குள்ளேயே எழுதிவிட்டால், அரசாணை வரும்போதெல்லாம் நிரலைத் திருத்தி, தொகுத்து, சோதித்து, மறுபடி ஏற்ற வேண்டும். அந்த உழைப்பைவிடப் பெரிய ஆபத்து, அந்த எண் எத்தனை இடத்தில் இருக்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போவது. ஒரு கோப்பில் 50,000 என்றால் இ-வே வரம்பு. இன்னொரு கோப்பில் அதே 50,000 வேறெதற்கோ எழுதியதாக இருக்கும். அவசரத்தில் தேடி மாற்றுகிறவர் இரண்டையும் மாற்றிவிடுவார், அல்லது இரண்டையும் விட்டுவிடுவார்.

சரி, வெளியே ஒரு கோப்பில் வைத்துவிடலாம். உள்ளே எப்படிக் கொண்டுவருவது? நம் கணினியில் நாமே இயக்கும் சாதாரண நிரலுக்கு இது சிக்கலே இல்லை. தொடங்கும்போதே மதிப்பைச் சொல்லிவிடலாம். உள்ளே ஒரு பொருளை (ஆப்ஜெக்ட்) உருவாக்கும்போது அதைக் கட்டும் கன்ஸ்ட்ரக்டரிடம் கொடுத்துவிடலாம். இணையச் சேவையில்தான் கதை வேறாகிறது. அங்கே நாம் எழுதுவது ஒரு கிளாஸ், அதாவது பொருளின் வார்ப்பு மட்டும். அதிலிருந்து பொருளை உருவாக்குவது, கோரிக்கை வரும்போது அதை அழைப்பது, வேலை முடிந்ததும் அழிப்பது எல்லாம் கன்டெய்னர் என்ற பெரிய மென்பொருளின் பொறுப்பு. ஜாவா உலகில் டாம்கேட், ஜேபாஸ், வெப்லாஜிக் போன்றவை அந்த வேலையைச் செய்கின்றன. 2006-இல் ஜாவா இஇ 5-உடன் வந்த ஜேஏஎக்ஸ்-டபிள்யூஎஸ் விதி, சேவையைச் செயல்படுத்தும் கிளாஸுக்கு எந்த உள்ளீடும் கேட்காத கன்ஸ்ட்ரக்டர் இருக்க வேண்டும் என்கிறது. காரணம் எளிது: கன்டெய்னருக்கு உங்கள் வரம்பு ஐம்பதாயிரமா, ஒரு லட்சமா என்பது தெரியாது, எதைக் கொடுத்து உருவாக்கும்? ஆகவே பொருள் வெறுங்கையோடு பிறக்கிறது. பிறந்த பிறகு அதன் கையில் மதிப்பை யார், எப்போது, எந்த வழியில் கொடுப்பது என்பதே கேள்வி.

புதிதாக வருகிறவர்கள் முதலில் பிடிக்கும் வழி, கோரிக்கையோடு சேர்த்தே மதிப்பையும் கேட்டு வாங்குவது. பில் எண், பின்கோடு, மதிப்பு, அப்படியே வரம்பும். வேலை செய்யும். ஆனால் சேவை தன் பொறுப்பை அழைப்பவர் தலையில் கட்டிவிடுகிறது. இருநூறு கடைகள் அழைத்தால் இருநூறு வரம்புகள் வரும். பழைய பதிப்பை வைத்திருக்கும் கடை பழைய வரம்பையே அனுப்பிக்கொண்டிருக்கும். சேவைக்கும் அழைப்பவருக்கும் இடையிலான ஒப்பந்தத்தில் சரக்கைப் பற்றிய விவரம் மட்டும் இருக்க வேண்டும். சட்டம் சொல்வதைத் தெரிந்து வைத்திருப்பது சேவையின் வேலை. தேசியத் தகவலியல் மையம் நடத்தும் இ-வே பில் தளத்தையே பாருங்கள்: இரண்டு பின்கோடுகளைக் கொடுத்தால் தூரத்தை அதுவே கணிக்கிறது, இருநூறா நூறா என்று நம்மிடம் கேட்பதில்லை.

முறையான வழிகள் பல உண்டு. எல்லாமே கன்டெய்னரிடம் கேட்டுப் பெறுவதன் வெவ்வேறு வடிவங்கள். பயன்பாட்டோடு போகும் வெப்.எக்ஸ்எம்எல் கோப்பில் பெயரும் மதிப்புமாக எழுதி வைத்தால், கன்டெய்னர் அதை ஜேஎன்டிஐ என்ற தன் பெயரகராதியில் ஏற்றி வைக்கும். நம் கிளாஸ் அங்கே போய்ப் பெயரைச் சொல்லி எடுத்துக்கொள்ளலாம். அல்லது ஒரு மாறியின் தலைமேல் ரிசோர்ஸ் என்ற குறிப்பை எழுதி வைத்தால், பொருளை உருவாக்கிய கையோடு கன்டெய்னரே மதிப்பை அதில் இட்டுவிடும். அப்பாச்சி ஆக்சிஸ்2-இல் சர்வீசஸ்.எக்ஸ்எம்எல் என்ற கோப்பில் அந்தந்தச் சேவைக்கான பாராமீட்டர்களை எழுதி வைக்கலாம். இதே யோசனையைச் சேவைகளுக்கு வெளியேயும் கொண்டு போனது ஸ்ப்ரிங் கட்டமைப்பு. ராட் ஜான்சன் 2002-இல் எழுதிய புத்தகத்தின் நிரல்களிலிருந்து முளைத்த அதன் முதல் முழுப் பதிப்பு 2004 மார்ச்சில் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில் மார்ட்டின் ஃபவுலர் எழுதிய கட்டுரைதான் டிபென்டன்சி இன்ஜெக்ஷன் என்ற பெயரை ஊரறியச் செய்தது. தனக்கு வேண்டியதைத் தானே போய்த் தேடாமல், வெளியிலிருந்து தரும்படி கிளாஸை எழுது என்பதே அதன் சாரம்.

இங்கே இரண்டு பள்ளங்கள் இருக்கின்றன. இரண்டிலும் விழாதவர்கள் குறைவு. கன்டெய்னர் முதலில் கன்ஸ்ட்ரக்டரை இயக்கிப் பொருளை உருவாக்குகிறது. அதன் பிறகே குறிப்பு எழுதிய மாறிகளில் மதிப்பை இடுகிறது. கன்ஸ்ட்ரக்டருக்குள்ளேயே வரம்பைப் பயன்படுத்தப் பார்த்தால் அங்கே வெற்றிடம்தான் இருக்கும். அதற்காகவே போஸ்ட்கன்ஸ்ட்ரக்ட் என்ற குறிப்பு இருக்கிறது: மதிப்புகள் எல்லாம் வந்து சேர்ந்த பின், முதல் கோரிக்கை நுழைவதற்கு முன், ஒரே ஒரு முறை ஓடும் இடம் அது. அமைப்பு மதிப்புகளைச் சரிபார்க்க அதைவிடப் பொருத்தமான இடம் இல்லை. இரண்டாவது பள்ளம் இன்னும் நுட்பமானது. வெப்.எக்ஸ்எம்எல்லில் பயன்பாடு முழுவதற்கும் எழுதிய தொடக்க மதிப்புகளை, நடக்கும் கோரிக்கையின் விவரங்களைத் தாங்கும் மெசேஜ் கான்டெக்ஸ்ட் வழியாகவும் எடுக்க முடியும். ஆனால் ஒரு கோரிக்கை நடந்துகொண்டிருக்கும் நேரத்தில் மட்டுமே அது கிடைக்கும். தொடக்க வேலையின்போது கேட்டால் சேவை பிழை காட்டி நின்றுவிடும். குறிப்பு வழியாக வருபவையும் இவையும் ஒரே பயன்பாட்டின் அமைப்பு மதிப்புகள்தாம், ஆனால் அவை கையில் கிடைக்கும் வேளை வேறு. எந்த வேளையில் எது கிடைக்கும் என்பதை அறியாமல் நகல் எடுத்து ஒட்டும் நிரல், ஒரு கன்டெய்னரில் ஓடும், இன்னொன்றில் ஓடாது.

பல கன்டெய்னர்களில் ஒரே பொருள்தான் ஒரே நேரத்தில் வரும் எல்லாக் கோரிக்கைகளுக்கும் பதில் சொல்கிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. ஆகவே அமைப்பு மதிப்புகளை அந்தப் பொருளில் வைக்கலாம். ஒரு தனி வாடிக்கையாளரின் பில் மதிப்பை வைக்கக் கூடாது. வைத்தால் முகவூர்க்காரரின் தொகை சேத்தூர்க்காரரின் பில்லில் ஏறும். ஆக்சிஸ்2 இதற்கு நேர்மாறு: இயல்பு நிலையில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதுப் பொருள் பிறக்கும். அங்கே கலப்பு வராது. ஆனால் பிறக்கும்போதெல்லாம் வட்டிலிருந்து கோப்பைத் திறந்து படித்தால் சேவை மந்தமாகிவிடும்.

மாறுகிற எல்லாவற்றையும் அமைப்புக் கோப்பில் போட்டுவிடும் ஆர்வமும் ஆபத்தானது. இ-இன்வாய்ஸ் சேவையையே எடுத்துக்கொள்வோம். எந்த முகவரிக்கு அனுப்புவது, பதிலுக்கு எத்தனை நொடி காத்திருப்பது, எந்தச் சாவியால் மறையாக்கம் செய்வது: இவை இடத்துக்கு இடம் மாறும். அலுவலகச் சோதனைக் கணினியில் ஒன்று, நிஜ சர்வரில் வேறொன்று. இவைதாம் உண்மையான அமைப்பு மதிப்புகள். உள்நுழைந்ததும் தளம் தரும் டோக்கன் ஆறு மணி நேரம் செல்லும். அது ஓட்டத்தின் நடுவில் கிடைத்து, ஓட்டத்திலேயே காலாவதியாவது. அதை அமைப்புக் கோப்பில் எழுதி வைப்பவர்கள் மதியத்துக்கு மேல் சேவை ஏன் படுத்துவிடுகிறது என்று குழம்புவார்கள். வரி விகிதமோ மூன்றாவது வகை. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சோதனை முகவரி, நிஜ முகவரி என்ற பிரிவுக்கு இந்தத் துறையில் கனம் அதிகம். இ-இன்வாய்ஸ் தளம் ஒவ்வொரு பில்லுக்கும் 64 எழுத்துகள் கொண்ட ஐஆர்என் எண்ணைத் தருகிறது. விற்பவரின் ஜிஎஸ்டி எண், நிதியாண்டு, ஆவண வகை, ஆவண எண் ஆகியவற்றிலிருந்து பிறப்பது அது. சோதனைக்காகப் போட்ட பில், முகவரி மாறிப்போய் நிஜத் தளத்தில் பதிவாகிவிட்டால் 24 மணி நேரத்துக்குள் ரத்து செய்தாக வேண்டும். ரத்து செய்த பிறகும் அதே பில் எண்ணுக்கு மறுபடி ஐஆர்என் கிடைக்காது. நிரலில் ஒரு பிழையும் இல்லை. கோப்பில் ஒரு வரிதான் தவறு. விளைவு மட்டும் அரசுப் பதிவேட்டில் நிற்கும்.

கடவுச்சொல்லையும் இரகசியச் சாவியையும் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவற்றை நிரலில் எழுதக் கூடாது. நிரலோடு ஒரே களஞ்சியத்தில் கிடக்கும் அமைப்புக் கோப்பிலும் எழுதக் கூடாது. 2016-இல் உபர் நிறுவனத்தின் 5.7 கோடிப் பேருடைய விவரங்கள் திருடு போனது இப்படித்தான்: நிரல் வைத்திருந்த கிட்ஹப் களஞ்சியத்துக்குள் நுழைந்தவர்களுக்கு அங்கேயே அமேசான் சேமிப்பின் சாவியும் கிடைத்தது. ஹெரோகு நிறுவனத்துப் பொறியாளர்கள் 2011-இல் வெளியிட்ட பன்னிரண்டு நெறிகளில் ஒன்று இதற்கு ஓர் எளிய தேர்வைச் சொல்கிறது: உங்கள் நிரலை இந்த நிமிடமே உலகத்துக்குத் திறந்து காட்டினால் ஏதாவது இரகசியம் வெளியாகுமா? ஆகுமென்றால் பிரிப்பு இன்னும் முடியவில்லை. அவர்கள் காட்டிய வழி, மதிப்புகளை இயங்குதளத்தின் சூழல் மாறிகளில் வைப்பது. 1979-இன் யூனிக்ஸ் ஏழாம் பதிப்பிலேயே இருந்த வசதி அது. இன்று தென்காசி அருகே மத்தளம்பாறையில் ஸோஹோவில் வேலை பார்க்கும் இராஜபாளையத்துப் பிள்ளைக்கும் அதே வசதிதான் பயன்படுகிறது.

வெளியே எடுத்து வைத்துவிட்டோம், இனி நிரலைத் தொடாமலேயே மாற்றலாம் என்ற நிம்மதி வரும்போதுதான் மிகுந்த எச்சரிக்கை வேண்டும். நிரலில் ஒரு வரி மாறினால் சோதனை உண்டு, இன்னொருவர் கண் உண்டு. அமைப்புக் கோப்பில் ஓர் எண்ணை மாற்றினால் பெரும்பாலான இடங்களில் இரண்டும் இல்லை. 1 ஆகஸ்ட் 2012 அன்று நியூயார்க் பங்குச் சந்தையில் நைட் கேப்பிட்டல் என்ற நிறுவனம் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழந்தது. புதிய வசதியை இயக்க, பல ஆண்டுகளுக்கு முன் கைவிட்ட ஒரு வசதியின் கொடி (ஃபிளாக்) மதிப்பை மறுபடி பயன்படுத்தியிருந்தார்கள். எட்டு சர்வர்களில் ஏழில் புது நிரல் ஏறியது. எட்டாவதில் பழைய நிரலே இருந்தது. அந்தக் கொடி அங்கே பழைய வசதியை எழுப்பிவிட்டது. அது நிறுத்தாமல் வாங்கியும் விற்றும் தள்ளியது. ஒரு முறை ஓர் அர்த்தத்தில் வழங்கிய அமைப்புப் பெயரை இன்னோர் அர்த்தத்துக்கு எடுக்கவே கூடாது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடப்புத்தகமும் சொல்லவில்லை.

இயல்பு மதிப்பு என்ற வசதியின் மீதும் எனக்கு நம்பிக்கை குறைவு. கோப்பில் வரம்பு எழுதப்படவில்லையென்றால் 50,000 என்று வைத்துக்கொள் என்று நிரலில் எழுதுவது பரிவாகத் தெரியும். ஆனால் பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தாலும் சேவை முனகாமல் ஓடும். தமிழ்நாட்டுக்குள் போகும் 80,000 ரூபாய்ச் சரக்குக்கும் தேவையில்லாமல் இ-வே பில் கேட்கும். ஆயுள் கணக்கிலோ ஆபத்து எதிர்த்திசையில் இருக்கிறது: நூறு என்ற பழைய இயல்பு மதிப்பு உட்கார்ந்துகொண்டால், சென்னைச் சரக்குக்கு மூன்று நாளுக்குப் பதில் ஆறு நாள் என்று கடைக்காரருக்குக் காட்டும்; அவர் நான்காம் நாள் வண்டியை அனுப்புவார். சட்டத்தைச் சார்ந்த மதிப்பு காணவில்லையென்றால் சேவை தொடங்கவே மறுக்க வேண்டும். எந்தப் பெயரைத் தேடினேன், எந்தக் கோப்பில் தேடினேன் என்று சொல்லிவிட்டு நிற்க வேண்டும். அலகும் பெயரிலேயே இருக்கட்டும். காத்திருப்பு 30 என்றால் நொடியா, மில்லி நொடியா என்று நள்ளிரவில் யாரும் யோசித்துக்கொண்டிருக்கக் கூடாது.

நள்ளிரவு என்று சும்மா சொல்லவில்லை. 22 செப்டம்பர் 2025 பிறந்த அந்த நிமிடத்தில் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறின. பேண்டேஜ் துணிக்கு 12 சதவீதமாக இருந்தது 5 ஆனது. ஆயத்த ஆடையில் 1,000 ரூபாய் வரையிலான உருப்படிக்கு இருந்த 5 சதவீதம் 2,500 ரூபாய் வரைக்கும் நீண்டது. அதற்கு மேல் 12 இருந்த இடத்தில் 18 வந்தது. ஓடிக்கொண்டிருக்கும் சேவையில் மதிப்புகளை ஒவ்வொன்றாக மாற்றினால், அந்த இடைவெளியில் நுழையும் ஒரு பில்லுக்குப் புது வரம்பும் பழைய விகிதமும் சேர்ந்து விழக்கூடும். அதனால் புதுத் தொகுப்பு முழுவதையும் தனியே படித்து, சரிபார்த்து, பிறகு பழைய தொகுப்பின் இடத்தில் ஒரே அசைவில் வைப்பதுதான் முறை. நடுவழியில் இருக்கும் பில், தான் தொடங்கியபோது எடுத்த தொகுப்போடேயே முடியும்.

ஆனால் அதுவும் போதாது. சத்திரப்பட்டியிலிருந்து ஆகஸ்டில் 12 சதவீத வரியோடு அனுப்பிய பேண்டேஜ் துணியில் ஒரு பகுதி அக்டோபரில் திரும்பி வருகிறது. அதற்குப் போடும் கிரெடிட் நோட்டில் வரி எவ்வளவு? மூல பில்லில் இருந்த 12-தான். 12-ஐ அழித்து 5 என்று எழுதிவிட்ட அமைப்புக் கோப்பிடம் இதற்குப் பதில் இல்லை. வரி விகிதம் அமைப்பு மதிப்பே அல்ல. சரக்கின் வகையைக் குறிக்கும் எச்எஸ்என் எண்ணுக்கும் தேதிக்கும் உரிய தரவு. பழையதை அழிக்காமல், எந்த நாள் முதல் எந்த நாள் வரை என்று குறித்து, தரவுத்தளத்தில் வரிசையாக இருக்க வேண்டியது அது. இ-வே பில்லின் நூறும் இருநூறும்கூட அந்த அட்டவணைக்குப் போய்விடுவதே நல்லது. சேவையின் கையில் கன்டெய்னர் கொடுக்க வேண்டியது, அந்த அட்டவணை எங்கே இருக்கிறது என்ற முகவரியையும் அதைத் திறக்கும் சாவியையும் மட்டும். பில்லின் தேதியைக் காட்டி மிச்சத்தை அட்டவணையிடம் கேட்பது சேவையின் வேலை.